புகை நின்ற என்ஜின்

அந்தக் காரின் புகை நின்றபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்பிட்டியவில் கராஜ் வைத்து முப்பது வருடமாகப் பழைய கார்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். வேலை முடிந்தபின் நீலப் புகையோடு எந்தக் காரும் என் வாசலைத் தாண்டி வெளியே போனதில்லை. அது என் வீம்பு.

கார் அலவத்துகொட ஹாஜியாருடையது. மிளகு, கராம்பு வியாபாரம்; வயது எழுபத்து மூன்று. மலையேற்றப் பந்தயத்தில் பழைய கார்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அதில் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்றுதான் வாங்கியிருந்தார். ஆனால் கண் மங்கிக்கொண்டு வந்தது. லைசன்ஸ் மாத முடிவோடு சரி, இனிமேல் மெடிக்கல் தரமாட்டேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பந்தயத்துக்குப் பத்து நாள் இருந்தது.

“ஸ்டார்ட் எடுக்கக் கொஞ்சம் கரச்சல் ஈக்கிது. அத மட்டும் பாருங்க பாஸ்,” என்றார். எங்கள் பக்கம் கைவேலைக்காரர் எல்லோரும் பாஸ்தான்.

கோளாறு, பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் மெக்னட்டோவில். அரை மணி நேர வேலை. அதோடு விட்டிருக்கலாம். புகை என்னை விடவில்லை, என்ஜினின் ஹெட்டைக் கழற்றினேன். வால்வையே காணோம். சிலிண்டருக்குள் இன்னொரு குழாய், அதற்குள் பிஸ்டன். குழாயின் சுவரிலும் சிலிண்டரின் சுவரிலும் ஜன்னல்கள். கிராங்கைக் கையால் சுற்றினால் அந்தக் குழாய் மேலும் கீழும் போய்க்கொண்டே பக்கவாட்டிலும் திரும்புகிறது. ஜன்னல்கள் நேருக்கு நேர் வந்தால் காற்றும் புகையும் போய்வர வழி திறக்கும், விலகினால் மூடும். அந்தக் குழாய்தான் ஸ்லீவ்; ஸ்லீவ் என்ஜின் என்று கேள்விப்பட்டதுதான். வால்வு ஸ்பிரிங்குகள் வேகம் தாங்காமல் முறிந்த காலத்தில், வால்வே வேண்டாம் என்று யாரோ செய்து பார்த்த பரிசோதனை. அன்று பின்னேரம் முழுக்கச் சும்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து இரண்டு தரம் போன் வந்தது, எடுக்கவில்லை.

பிறகு புத்தி வேலை செய்தது. புகையை நிறுத்த, பிஸ்டன்களுக்கு ஒயிலை வழித்துவிடும் இறுக்கமான ரிங் போட்டேன். ஸ்லீவுக்குப் போகும் ஒயிலைப் பாதியாகக் குறைத்தேன். ஹாஜியாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலாத்துஓயா வீதியில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். ஏற்றத்தில் கார் பறந்தது.

“பாத்தீங்களா ஹாஜியார், பொகையே இல்ல.”

அவர் உடனே எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். “பொக இல்லயா? என்ன செஞ்சீங்க பாஸ்?”

நான் வாய் திறப்பதற்குள் இரும்பு முறியும் சத்தம் கேட்டது. அவர் கிளச்சை மிதித்துக் காரை ஓரம் கட்டினார்.

“இதுக்கு ஸ்லீவுட ரெண்டு பக்கமும் ஒயில் ஓடணும். அதுல கொஞ்சம் எரிஞ்சி பொக வரும், பொக வந்தாத்தான் இது சுகம். கார வித்த மனிசன் அன்டைக்கே செல்லினார்,” என்றார். “நீங்க கேக்கல்ல, நானும் செல்லல்ல.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஸ்லீவ் ஒன்று ஆழமாகக் கீறுப்பட்டு, அதைத் திருப்பும் கை முறிந்திருந்தது. உலகத்தில் எங்கும் ஸ்பெயார் கிடையாது. பந்தயத்தன்று ஹாஜியார் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார். பக்கத்தில் நின்ற எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த மாதத்தோடு அவருடைய லைசன்ஸும் முடிந்தது.

லொறி என்ஜினின் சிலிண்டருக்குள் இருக்கும் லைனர் குழாய் ஒன்றை லேத்தில் கடைந்து புது ஸ்லீவ் செய்ய ஏழு மாதம் பிடித்தது. முதல் இரண்டும் குப்பைக்குப் போயின.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு என்ஜின் சுகமாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று, அதோடு பழகியவரிடம் கேட்ட பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

அடுத்த வருடப் பந்தயத்தில் நான் ஓட்டினேன். அந்தப் பிரிவில் ஒருவரைப் பக்கத்தில் ஏற்றலாம். ஹாஜியார் ஹெல்மெட்டோடு இருந்தார். இரண்டாவது வளைவில் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“எனக்குக் கண்ணுக்கு ஒண்டும் வெளங்குதில்ல பாஸ். பொக வருதா?”

“வருதுங்க ஹாஜியார்.”

“அப்ப மிதிங்க.”