பறி கடித்த வாய்

போன வாரம் பொன்னேரியில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். பல்லுக்கென்று போகவில்லை, பயத்துக்குப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைவாயில் ஒரு குறுகுறுப்பு. அது என்னவாக இருக்கும் என்று நாலு நாள் நானே யோசித்து, யோசிக்கக் கூடாத வியாதி வரைக்கும் போய்த் திரும்பி, அப்புறம்தான் பஸ் ஏறினேன். டாக்டர் சின்னப் பெண். "ஆ காட்டுங்கம்மா" என்றாள். காட்டினேன். காதுக்குக் கீழே டக்கென்று ஒரு சத்தம். எனக்குப் பழகின சத்தம்தான், அவள்தான் திடுக்கிட்டாள்.

"தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?"

"இல்லம்மா. முழிச்சிக்கினு இருக்கும்போது கடிச்சது."

சிரித்தாள். வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்திருப்பாள். அவள் கையுறையின் ரப்பர் வாசனை வாய்க்குள் வந்ததும் எனக்கு ஈரப் பனையோலை ஞாபகம் வந்துவிட்டது. ரப்பருக்கும் ஓலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வாய்க்குள் வேறு எது வந்தாலும் எனக்கு அது பறிதான்.

எங்கள் வீடு பசியாவரத்தில். சுற்றிலும் பழவேற்காடு ஏரி. படகும் வலையும் உள்ளவர்கள் ஆழத்துக்குப் போவார்கள். இல்லாத எங்களைப் போன்றவர்கள் முட்டியளவு தண்ணீரில் தவழ்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்போம். கை இரண்டும் தண்ணீருக்குள் இருந்தால் பிடித்ததை எங்கே போடுவது? அதற்குத்தான் பறி. பனையோலையில் முடைந்த பை. அதன் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டால் பறி கழுத்துக்குக் கீழே தொங்கும். எடுக்க எடுக்க அதில் போட்டுக்கொண்டே போகலாம். நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம். வாயைத் திறந்தால் பறி போச்சு, பறியோடு அன்றைய பாடும் போச்சு.

ஏழாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் கவ்வ ஆரம்பித்தேன். விட்டதில் அப்போது வருத்தமில்லை. பெயர் கூப்பிட்டால் எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்லவே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். தண்ணீரில் யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. ஆனால் பெண்கள் நாலு பேர் சேர்ந்து பேசாமல் இருப்பார்களா? பல் அசையாது. உதடும் நாக்கும் மட்டும் வேலை செய்யும். "அங்க இன்னா கீது?" "ஒண்ணும் இல்ல, நண்டு கட்சிச்சு." எல்லாம் பல்லுக்கு நடுவே வரும். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஏதோ முணுமுணுப்பு. எங்களுக்கு அச்சடித்த மாதிரி புரியும்.

இந்த வாயோடு நான் சினிமாவுக்குக் குரல் கொடுக்கப் போனேன் என்றால் நீங்களே சிரிப்பீர்கள்.

அத்தை மகள் கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்தாள். படகு கவிழ்ந்து கரையில் பெண்கள் அழுகிற காட்சி. குரல் கொடுப்பவர்கள் அழுதது பாட்டுப் பாடுவது போல இருக்கிறது என்று டைரக்டர் கத்தினாராம். இவள் துடைப்பத்தோடு நின்று, "எங்க ஊரு பொம்பளைங்கள இட்டாந்தா நெஜமா அழுவாங்க சார்" என்றிருக்கிறாள். நாலு பேர் போனோம். நன்றாக அழுதவள் நான். காரணம் தேட வேண்டியதே இல்லை. திரும்பிப் போக ரயில் கிடைக்குமா, கிடைத்தாலும் கடைசிப் படகு இருக்குமா என்று நினைத்த மாத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் கூப்பிட ஆரம்பித்தார்கள். சந்தைக் கூட்டம், திருவிழாக் கூட்டம், சாவு வீடு. கூட்டத்தில் ஒரு வாய்.

மைக் அறைக்குள் போவதற்கு முன்னால் எட்டுப் பத்துப் பேர் வராந்தாவில் சுவரோரம் நின்று வாயைப் பதப்படுத்துவார்கள். முதன்முதலில் பார்த்தபோது தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று பயந்தேன். ஒருவர் உள்ளங்கையால் தாடையைத் தேய்த்துத் தேய்த்து இறக்குகிறார். ஒருத்தி உதட்டைத் தளரவிட்டு, கிளம்ப மறுக்கிற ஆட்டோ மாதிரி ப்ர்ர்ர் என்கிறாள். நாக்கை மோவாய் வரைக்கும் நீட்டுவது, கன்னத்துக்குள் சுழற்றுவது, மூக்கெலும்பு கூசும்வரை ம்ம்ம் என்று இழுப்பது. பெரிய பெரிய கதாநாயகிகளுக்குப் பேசுகிறவர்கள் எல்லாரும் குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரி நிற்பார்கள். ஏலக்காய் டீ வாசனை, சிகரெட் வாசனை, ஒரு அம்மாள் மெல்லும் அதிமதுர வாசனை.

சரோஜா அங்கேதான் பழக்கம். மெட்ராஸில் சூளைப் பக்கத்துக்காரி, என் வயசு. முதல் நாள் மருந்து பாட்டில் கார்க் ஒன்றைக் கழுவிக் கையில் கொடுத்து, "முன்பல்லுல வச்சிக்கினு வசனத்தப் பேசு. எடுத்தப்புறம் வார்த்தை தனித்தனியா வுழும்" என்றாள். வைத்தேன். பழக்கம் யாரை விட்டது? பறியைக் கவ்வுகிற மாதிரி ஒரே கவ்வு. கார்க் இரண்டாகப் போயிற்று.

"ஏய், கார்க்குதாண்டி குடுத்தேன். கரும்புன்னு நெனச்சியா?"

வராந்தாவே சிரித்தது. அடுத்து பென்சில் கொடுத்தார்கள். அதிலும் பல் பதிந்துவிட்டது. ஆனால் ஒன்று, கார்க்கை வைத்துக்கொண்டு மற்றவர்கள் எல்லாம் கொழகொழவென்று பேசும்போது, என் வசனம் மட்டும் சுத்தமாக வந்தது. சவுண்ட் இன்ஜினியர் கதவைத் திறந்து யார் அது என்று பார்த்துவிட்டுப் போனார். தொல்லை கார்க்கை எடுத்த பிறகுதான். தாடை இருந்த இடத்திலேயே இருக்கும். "எடுத்தாச்சுடி, இன்னும் எதுக்குக் காவல் காக்குற?" என்பாள் சரோஜா.

அப்படி இருக்கும்போது குரல் கொடுப்பவர்கள் சங்கத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் அடுத்த மாதத்திலிருந்து மைக் அறைக்குள் வரக் கூடாது. கூட்டக் குரலுக்கும் அட்டை வேண்டும். அட்டை வேண்டுமென்றால் மூன்று பேர் முன்னால் குரல் தேர்வு, அதிலும் சில பேருக்குத்தான் கிடைக்கும். ஒரு பக்கம் வசனம், பிறகு சிரிப்பு, அழுகை, கூப்பாடு. பத்து நாள் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டெழுத்து வந்தால் என்ன செய்வது? ரயில் அனுப்பம்பட்டில் நின்று போனால்? அன்றைக்கென்று பார்த்து இருமல் வந்தால்? அந்த வராந்தா இல்லாவிட்டால் ஆயுசுக்கும் பறிதான் என்று எனக்குத் தெரியும். ஆயுசுக்கும் பறி என்பது கேவலமில்லை, என் அம்மா செய்தாள். ஆனால் ஒருமுறை வாயைத் திறந்து பார்த்துவிட்டவளுக்கு மூடுவது கஷ்டம்.

வீட்டில் பயிற்சி செய்ய வெட்கம். அதனால் படகில் அக்கரைக்கு வந்து, பழவேற்காட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், டச்சுக்காரன் கல்லறைச் சுவருக்குப் பின்னால் போய்விடுவேன். ஆள் வராத இடம். அங்கே ப்ர்ர்ர், ம்ம்ம், நாக்கை வெளியே தள்ளி ஆ. வாசல் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறதே, அதுவும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாம் நாள் ஒரு ஆடு மேய்க்கிறவர் பார்த்துவிட்டார். நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. டச்சுக்காரன் பேய் பிடித்துவிட்டதாம். அம்மா கையில் விபூதியோடு நிற்கிறாள். நைனா மட்டும் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, "டச்சுக்காரன் பேயின்னா அது இன்னாத்துக்குடி தமிழ்ல வசனம் பேசுது?" என்றார்.

விபூதி பூசின மறுநாள்தான் அம்மா கையில் கெளுத்தி மீன் முள் குத்தியது. சேற்றைத் தடவும்போது எப்போதாவது நடக்கும். வலது கை முழங்கை வரைக்கும் வீங்கிவிட்டது. அதே வாரத்தில் முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் உள்ளே வந்திருந்தது. இறால் கொழித்த நேரம். அந்த நாலைந்து நாளை விட்டால் அந்தப் பருவத்துக்கு அவ்வளவுதான்.

"நீ போய் உன் வாய் வேலையப் பாரு. நான் ஒத்தக் கையால பாத்துக்கறேன்" என்றாள் அம்மா.

ஒற்றைக் கையோடு அவளை இழுப்புத் தண்ணீரில் இறங்க விடுவதா? அவளை உட்காரவைத்துவிட்டு நான் இறங்கினேன். நாலு நாள். கடைசி நாள் பறி நிறைய நிறையக் கனத்தது. கனக்கக் கனக்கக் கவ்வு இறுகியது. மறுநாள் தேர்வு.

ரயிலில் முந்தானையால் மறைத்துக்கொண்டு அளந்து பார்த்தேன். மற்ற நாளில் வாய்க்குள் மூன்று விரல் போகும். அன்றைக்கு ஒன்றுதான் போனது. மீஞ்சூர் வருவதற்குள் ஏழெட்டுத் தடவை அளந்திருப்பேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் தன் பிள்ளையை இழுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

சரோஜா என் முகத்தைப் பார்த்ததும் விளையாட்டை நிறுத்திவிட்டாள். "இன்னாடி இது, தாட கல்லாட்டம் கீது?" சூடாக இரண்டு டீ வாங்கி, டம்ளர்களை இரண்டு கன்னத்திலும் வைத்துப் பிடித்தாள். கட்டைவிரலால் காதுக்குக் கீழே அழுத்தி அழுத்தி இறக்கினாள். தேர்வுக்கு வந்திருந்த மற்றவர்களும், எனக்குக் கிடைக்காவிட்டால் தங்களுக்குக் கிடைக்கும் என்று இருக்க வேண்டியவர்கள், சுவரோரம் வந்து நின்று என்னோடு சேர்ந்து வாயைக் கோணினார்கள். இரண்டு விரல் வந்தது. அதற்குள் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள்.

வசனம் பிழையில்லாமல் வந்தது. சரோஜா சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்திருந்தேன். சிரிப்பு வந்தது. அழுகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிறகு நடுவில் உட்கார்ந்திருந்தவர், "உன் குழந்தை தண்ணியில அடிச்சிக்கிட்டுப் போகுது. கூப்பிடு" என்றார்.

கூப்பிட்டேன். பல்லுக்கு நடுவே "ஏ" என்று வந்தது.

"குழந்தை முழுகுதும்மா. ரகசியமா சொல்ற?"

மறுபடி கூப்பிட்டேன். காதுக்குக் கீழே டக்கென்றது. கண் இருண்டது. பக்கத்திலிருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்: "பேச்சு சுத்தமா இருக்கு. வாய் திறக்கலை. ஆறு மாசம் கழிச்சு வா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா வீக்கம் வடிந்திருந்த கையால் என் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் காலையில் பார்க்கிறேன், பறியின் வாய்க்கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டாள். கிழிந்த புடவைத் துண்டைத் திரித்து, பறியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறாள்.

கரையில் ஒரே கேலி. "இன்னாக்கா, பறிக்கு அரணாக்கயிறு கட்டிட்டியா?"

"பல்லு எனக்குச் சோத்துக்கு வோணும்டி" என்றாள் அம்மா.

அந்த வாரம் பாதிப் பாடுதான். பறி பின்னால் போய் மிதக்கும். இறால் துள்ளி வெளியே விழும். அவள் விடவில்லை. எனக்கும் அதே மாதிரி ஒன்று கட்டிக் கொடுத்தாள். மற்றப் பெண்கள் பல்லுக்கு நடுவே பேசுவார்கள் என்றேனே, அம்மா அதுவும் பேச மாட்டாள். தண்ணீரில் இறங்கினால் ஏறும்வரை ஒரு சொல் கிடையாது. வாய் காலியான மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நான் தெரியாமல் பள்ளத்துப் பக்கம் நகர்ந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கூப்பாடு. என் பெயர்தான். தண்ணீர் மேலேயே தட்டித் தட்டி வந்தது. ஏரியில் இருந்த நாரையெல்லாம் எழும்பிவிட்டது. பெண்கள் தலைதூக்கிப் பார்த்தார்கள். அது அம்மாவின் தொண்டை என்று எனக்கே புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆறு மாதம் கழித்துப் போனேன். அதே மூன்று பேர். அதே குழந்தை, அதே தண்ணீர். அம்மா என்னைக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டேன். அட்டை கிடைத்தது.

அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. வராந்தாவில் பத்துப் பேர் சேர்ந்து வாயைக் கோணுவதெல்லாம் போய்விட்டது. ஒவ்வொருவராகத் தனி அறையில் பேசிவிட்டுப் போகிறார்கள். கூட்டத்துக்கு ஒருவர் கத்தினால் போதும், மிஷின் நூறு பேராக்கிவிடும். சரோஜாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு போனில் பேசுவதில்லை, கடிதாசி போடுகிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன்.

தேர்வில் கூப்பிட்டதை யாரும் பதிவு செய்யவில்லை. அட்டை வந்த பிறகு எத்தனையோ படத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறேன். நல்ல பெயர்தான். ஆனால் அந்தக் கூப்பாடு இரண்டாம் தடவை எனக்கு வரவில்லை. அம்மாவிடம் இன்னொரு முறை கூப்பிட்டுக் காட்டச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டே வருஷங்கள் போயின, அவளும் போய்விட்டாள். இப்போது ஏரியில் பெண்கள் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டே இறால் தடவுகிறார்கள். போகிற போதெல்லாம் கரையில் நின்று கேட்பேன். எல்லாருடைய வாயும் திறந்துதான் இருக்கிறது. அந்தக் குரல் மட்டும் இல்லை.