கடற்காற்றுக்கு ஒரு வழி

மயிலாப்பூரில் நாங்கள் தனிக்குடித்தனம் வைத்த வீட்டில் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. கூரை ஓடுகளுக்கு நடுவே ஒரு சந்து உண்டு. இஷ்டமிருந்தால் புகை அதன் வழியாகப் போகும். பெரும்பாலும் இஷ்டமிருக்காது. ஈரச் சவுக்கு விறகை ஊதி ஊதி என் மனைவியின் கண்கள் மிளகாய்ப் பழமாகிவிட்டன.

நான் சும்மா இருக்கிற ஆசாமியா? ஒரு மாதப் பத்திரிகையில் காற்றோட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டு, முதலில் புகையை அளந்தாக வேண்டும் என்று தீர்மானித்தேன். அடுப்புக்கு எதிர்ச் சுவரில் தேதி காலண்டரை மாட்டினேன். நிலைப்படியில் நின்று பார்த்துத் தேதி தெரிந்தால் காற்று உத்தமம். எந்த சுவாமி படம் என்று மட்டும் தெரிந்தால் மத்திமம். காலண்டரே தெரியாவிட்டால் அதமம். தினமும் அதமமாகவே இருந்தது. எனக்கோ, அளந்துவிட்டோமே என்று ஒரே பெருமை.

"ஏன்னா, காலண்டரைப் பாக்கற நேரத்துல என் கண்ணைப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே!" என்றாள். "அமாவாசைக்குள்ள இந்தப் புகை போகணும். இல்லேன்னா நான் திருவல்லிக்கேணிக்கு, எங்காத்துக்குப் போயிடுவேன். நீங்க காலண்டரோட குடித்தனம் பண்ணிண்டு இருங்கோ."

எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. சமையலறைச் சுவரில் காற்றுக்கு ஒரு வழி திறக்க வீட்டுக்காரரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமையே கொத்தனாரை அழைத்து வந்துவிட்டேன்.

"எந்தப் பக்கம் ஒடைக்கணும் சாமி?"

இதென்ன கேள்வி? மயிலாப்பூர்க்காரன் சுவரில் ஓட்டை போட்டால் கடலைப் பார்த்துத்தான் போடுவான். "கிழக்கே!" என்று கை நீட்டினேன், கப்பலோட்டுகிறவன் மாதிரி.

"சோக்கா காத்து வரும் சாமி," என்று அவரும் குஷியாக உடைத்தார்.

சாயங்காலம் காற்று வந்தது. புது ஓட்டை வழியே நுழைந்து, அடுப்புப் புகை அத்தனையையும் அள்ளிக்கொண்டு, நேரே கூடத்துக்கு வந்து, சாய்வு நாற்காலியில் வெற்றி வீரனாகப் படுத்திருந்த என் மேல் கொட்டியது.

கொத்துக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த கொத்தனார் எட்டிப் பார்த்தார். "இன்னா சாமி, பொக வெளிய பூடும்னு பாத்தா, உன்னியத் தேடிக்கினு வந்துகீது!"

போச்சு, பெட்டி கட்டுகிறாள் என்று இருமிக்கொண்டே சமையலறைக்கு ஓடினேன். அங்கே துளிப் புகை இல்லை. கண்ணைத் துடைக்கும் முந்தானைக்கு வேலையே இல்லாமல் அவள் காலண்டர் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, தேதி என்ன, பொடி எழுத்துல இருக்கற ராகுகாலம்கூடத் தெரியறது!"

"கூடத்துல புகையறதே?"

"கூடத்துலயா நான் சமைக்கறேன்?"

அமாவாசை வந்து போயிற்று. அவள் எங்கும் போகவில்லை. நான்தான் சாயங்காலமானால் கூடத்தைக் காலி செய்துவிட்டுப் பேப்பரும் கையுமாகச் சமையலறையில் தஞ்சம் புகுந்தேன். வீட்டிலேயே உத்தமமான காற்று அங்கேதான். முதல் நாளே அவள் அரிவாள்மணையையும் அவரைக்காயையும் என் பக்கம் நகர்த்தினாள்.

"சும்மா காத்து வாங்கிண்டு உக்காந்திருந்தா எப்படி? நறுக்குங்கோ."