பறக்கும் நேரம் ஒரு மணிதான்

நான் இருப்பது தெற்கே அலோர் காஜாவில். ஒருநாள் காலை எட்டு மணிக்கு, வடகோடியில் இருக்கும் அலோர் ஸ்டாரிலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். என் அண்ணன் தவறிவிட்டார்.

"அத்தை, ஒரு மணிக்கு எடுக்குறாங்க. தள்ளிப் போடச் சொல்லவா?"

போனில் தேடிப் பார்த்தேன். சுபாங் விமான நிலையத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒரு மணி ஐந்து நிமிடம் என்று இருந்தது.

"வேணாம்யா. ப்ளேன் ஒரு மணி நேரம்தான் லா, வந்துடுவேன்."

சாலை நெரிசலில் சுபாங் போய்ச் சேரவே இரண்டரை மணி நேரம் ஆனது. இடம் கிடைத்த விமானமோ பன்னிரண்டரைக்குத்தான். பதறிப்போய் அவனை அழைத்தேன். மின்சுடலையில் நேரம் வாங்கியாகிவிட்டது, இனி மாற்ற முடியாதாம்.

நான் போனபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் ஈரம்கூடக் காயவில்லை.

"முடிஞ்ச வரைக்கும் நிறுத்தி வச்சோம்மா," என்றார் அண்ணி. "நீதானே தள்ளிப் போட வேணாம்னே."

அண்ணன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

இப்போது எத்தனை மணிக்கு வருவேன் என்று யார் கேட்டாலும் பறக்கும் நேரத்தைச் சொல்வதில்லை. என் வீட்டு கேட்டிலிருந்து அவர்கள் வீட்டு வாசல்வரை கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். தள்ளிப் போடவா என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் "போடுங்க" என்கிறேன்.