பேத்தை தின்ன நாய்க்கு நாங்க குடுத்த மூச்சு

ரோட்டோரமா இருந்த மீன் கடைய எல்லாம் எடுத்து புதுசா கட்டுன மார்க்கெட்டுக்குள்ள வெச்சாங்க இல்ல, அதுக்கு அடுத்து வந்த மாசி மகம். மகத்துக்கு இன்னும் நாலஞ்சு நாள் இருந்தது. எப்டி ஞாபகம்னா, சாமிங்க தீர்த்தவாரிக்கு கடலுக்கு எறங்குற வழியில எங்க ஃபைபர் போட்டு குறுக்க கீது, தள்ளி வெய்யின்னு ஆளு மேல ஆளு வந்து சொல்லிகினே இருந்தாங்க. காலையில கரைக்கு வந்து வலைய உதறி மீன எல்லாம் எடுத்தப்புறம், நானும் என் மச்சினனும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து போட்ட தள்னோம். அப்பதான் போட்டு நெழல்ல நாய் கெடந்தத பாத்தோம்.

நாயப் பத்தி மொதல்ல சொல்லிடறேன். அது எங்க குப்பத்து நாய் இல்ல. அதுக்கு முந்தி ஒரு புயல் மழையில ஊரே முழுகிச்சு. அடையாறு பக்கம் ஜனங்கள ஏத்தியார எங்க ஃபைபர் போட்ட லாரியில வெச்சி எடுத்துகினு போனாங்க, நானும் மச்சினனும் கூடப் போனோம். கடல்ல போட்டு ஓட்றது வேற, தெருவுல ஓட்றது வேற. கடல்ல அடியில இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். தெருவுல அடியில கார் கீதா, கெணறு கீதா, ஒன்னும் தெரியாது. வூட்டு கேட்டுக்கு மேலயே போட்டு போவுது, கீழ எதோ டமால்னு தட்டுது, பாத்தா காரு கூரை. அங்க ஒரு மதிலு மேல இந்த நாய் நின்னுகினு இருந்தது. செவலை. ஒரு காது நிமிந்து, ஒரு காது மடிஞ்சி இருக்கும். நாங்க கூப்டவே இல்ல. போட்டு கிட்டக்க போனதும் அதுவே எறங்கி வந்து, டிக்கெட் வாங்குன ஆளு மாதிரி ஐஸ் பொட்டி மேல உக்காந்துகிச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் அந்தத் தெருவுக்கு இட்டுகினு போயி வூடு வூடா கேட்டோம். எங்க நாய்னு யாரும் சொல்லல. எங்களோடவே திரும்பி வந்துடுச்சு.

வூட்ல என் பொஞ்சாதிக்கு காது கேக்காது. பொறக்கும்போது நல்லாதான் இருந்தது. பெரியவன் பொறந்தப்புறம் ஒரு காய்ச்சல் வந்து படுத்தா, எழுந்தப்போ காது போயிடுச்சு. பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் திரும்ப மாட்டா. மீன் விக்கிறவ. குனிஞ்சி மீன ஆஞ்சிகினு இருப்பா. முன்னாடி வந்து நிக்கிறவங்க, வஞ்சிரம் எப்டிம்மான்னு கேப்பாங்க, இவ நிமிர மாட்டா. திமிரு பாருன்னு சொல்லிட்டு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. எவ்ளோ வருசம் அப்டி. இந்த நாய் வந்து கொஞ்ச நாள்லியே, யாரும் சொல்லிக் குடுக்கல, ஆளு வந்து நின்னா மூக்கால அவ முட்டிய ஒரு இடி இடிக்கும். அவ நிமிருவா. பின்னாடி வண்டி வந்தா சீலைய புடிச்சி இழுக்கும். ஒருவாட்டி தண்ணி லாரி ரிவர்ஸ்ல வருது, இவ கூடைய எடுத்துகினு அதுக்கு முதுகக் காட்டிகினு போறா. நாய் இழுத்த இழுப்புல கூடையோட கீழ உழுந்தா. லாரி அவ செருப்பு மேலதான் ஏறிச்சு. மார்க்கெட்டுக்குள்ள நாய் வரக் கூடாதுன்னு சட்டம். ஆனா அத்த மட்டும் கண்டும் காணாம உட்டுட்டாங்க.

அவ அத்த நைனான்னுதான் கூப்டுவா. கல்யாணம் ஆயி இவ்ளோ வருசத்துல என்ன ஒருவாட்டி கூட அவ்ளோ ஆசையா கூப்டது கெடையாது. எனக்கு யோவ்தான்.

சரி, போட்டாண்ட வர்றேன். நாய் காலு நாலையும் நீட்டிகினு கெடக்குது. கண்ணு தொறந்து கீது. எப்பவும் என்னைப் பாத்தா வாலு மண்ணுல அடிக்கும், அது அடிக்கல. வாயோரம் எச்சி வழிஞ்சி மண்ணு ஒட்டிகினு கீது. பக்கத்துலியே பாதி பேத்தை மீனு.

பேத்தைன்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன். வலையில தானா வந்து மாட்டும். தொட்டா காத்த இழுத்துகினு வயிறு பலூன் மாதிரி ஊதிக்கும். ஈரலு பூரா விஷம். நாங்க துன்ன மாட்டோம், விக்க மாட்டோம், வலைய உதறும்போது தூக்கி மண்ணுல எறிஞ்சிடுவோம். எங்க அப்பன் காலத்துலேர்ந்து அதான் வழக்கம். எங்க குப்பத்து நாயிங்க மோந்து பாத்துட்டு அதுபாட்டுக்கு போயிடும். குட்டியா இருக்கும்போதே அதுங்களுக்குத் தெரிஞ்சிடும் போல கீது. நாயின்னா பேத்தைய தொடாதுன்னே நாங்க எல்லாம் நெனைச்சிகினு இருந்தோம். இது அடையாத்துல பிஸ்கட் தின்னு வளந்த நாயின்னு ஒருத்தனுக்கும் தோணல.

மச்சினன் ஓடிப் போயி உப்புத் தண்ணிய கரைச்சிகினு வந்து, வாந்தி எடுக்கட்டும்னு வாயில ஊத்துனான். அது உள்ள போவல, வெளியவே வழிஞ்சிது. அப்புறம் வெரல உட்டு கண்ணத் தொட்டுப் பாத்தான். கடல்லேர்ந்து ஆள எடுத்தா நாங்க அப்டித்தான் பாப்போம். கண்ணு மூடிச்சின்னா உசுரு கீது, மூடலன்னா இல்ல. நாயி கண்ணு மூடல. நானும் தொட்டேன், மூடல.

"போயிடுச்சு மாமா," ன்னான். "அக்கா வர்றதுக்குள்ள பொதைச்சிடலாம். பாத்தா தாங்க மாட்டா."

போட்டு இருந்த எடத்துலியே பள்ளம் தோண்ட ஆரம்பிச்சான். ஈர மண்ணு, சீக்கிரம் எடுத்துட்டான். அதுக்குள்ள அவ வந்துட்டா. நாய் வரலியேன்னு தேடிகினு மார்க்கெட்லேர்ந்து வந்துகிறா. பள்ளத்த பாத்தா, நாயப் பாத்தா. அழல. மண்ணுல உக்காந்து நாயி நெஞ்சு மேல கைய வெச்சா. வெச்சவ எடுக்கவே இல்ல.

மச்சினன் கைய ஆட்டி, இல்லக்கா, போயிடுச்சின்னு ஜாடை காட்னான்.

"பொத்திகினு இரு," ன்னா. காது கேக்காதவ, அவளுக்கு கொரலு எவ்ளோ ஒசத்தின்னு தெரியாது, கரை பூரா கேட்டுது. "கையில அடிக்குது. மெல்லமா அடிக்குது. பள்ளத்துல நீ படுடா."

நான் கைய வெச்சேன். எனக்கு ஒன்னும் தெரியல. கொஞ்ச நேரம் வெச்சிப் பாத்தேன். அப்புறம் தெரிஞ்சிது. ரொம்ப தூரத்துல போற இஞ்சின் போட்டு சத்தம், காத்து திரும்பும்போது மட்டும் காதுல உழுமே, அப்டி. நாய வாரித் தூக்குனேன்.

மீன் ஏத்துற ஆட்டோவுலதான் போட்டுகினு போனோம். மந்தைவெளியில ஒரு சின்ன ஆசுபத்திரி கீது, நாய் பூனைக்கு. டாக்டரம்மா சின்னப் பொண்ணு. மயிலாப்பூர் ஐயர் வூட்டுப் பொண்ணுன்னு பேச்சுலியே தெரியுது. ஆட்டோக்காரனோட சேத்து நாங்க நாலு பேரு மீன் கவிச்சியோட உள்ள நொழையறோம், அந்தப் பொண்ணு மூக்கச் சுளிக்கல. நாயி ஈறத் தூக்கிப் பாத்துது, நீலமா கீது. வெளக்கடிச்சி கண்ணப் பாத்துது.

"வாயில ஏதாவது விட்டேளா?" ன்னு கேட்டுது.

"உப்புத் தண்ணிம்மா."

"இனிமே எதுவும் விடாதீங்கோ. அதால முழுங்க முடியல. விட்டா நேரா நுரையீரலுக்குப் போயிடும். என்ன சாப்ட்டுது?"

பேத்தைன்னேன். "எங்காத்துல மீனே கிடையாது தாத்தா, அது எப்டி இருக்கும் சொல்லுங்கோ," ன்னுது. நான் கன்னத்த உப்பிக் காட்டுனேன். அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சிடுச்சு. புரிஞ்சதும் கை எப்டி வேல செஞ்சிது தெரியுமா. நாயி வாயத் தொறந்து தொண்டைக்குள்ள ஒரு கொழாய உட்டு, அதுல ஒரு ரப்பர் பையச் சொருகி, அமுக்க ஆரம்பிச்சிது. அமுக்குனா நாயி நெஞ்சு மேல ஏறுது. உட்டா எறங்குது. ஈறு நீலம் மெல்ல வெளுத்து, அப்புறம் செவப்பாச்சு. நான் பாத்துகினே கீறேன்.

"இந்த விஷத்துக்கு மாத்து மருந்து இல்ல," ன்னுது அமுக்கிகினே. "ஒடம்பக் கட்டிப் போட்டுடும். மூச்சு இழுக்கற சதையும் நின்னுடும். அதுக்குப் பதிலா நாம மூச்சு குடுத்துண்டே இருந்தா, விஷம் தானா வெளிய போயிடும். எத்தனை நேரம்னு என்னால சொல்ல முடியாது. நடுவுல விடக் கூடாது. இங்க மிஷின் இல்ல, கையாலதான் செய்யணும்."

"செத்துப் போச்சின்னு பொதைக்கப் பாத்தோம்மா," ன்னான் மச்சினன்.

"அதுக்கு நெனவு இருக்குண்ணா. அசைய முடியலையே தவிர, நாம பேசறது எல்லாம் கேட்டுண்டு இருக்கும். பேசுங்கோ அதுகிட்ட."

அப்போ பள்ளம் தோண்டுனப்போ மம்முட்டி சத்தம் அதுக்குக் கேட்டிருக்கும். மச்சினன் மூஞ்சி செத்துப் போச்சு. நான் என் பொஞ்சாதிக்கு ஜாடையில சொன்னேன், கேக்குதாம், பேசுன்னு. அவ நாயி மடிஞ்ச காதத் தூக்கிப் புடிச்சிகினு அதுக்குள்ள பேசுனா. இன்னா பேசுனான்னு கேக்குறீங்களா. மீனு வெல. இன்னைக்கு சங்கரா எவ்ளோ, நெத்திலி எவ்ளோ, பக்கத்துக் கடைக்காரி ஐஸ எப்டி திருடுறா, எல்லாத்தையும். வெளிய பூனைக் கூடையோட உக்காந்திருந்தவங்க எல்லாம் கேட்டுகினு சிரிக்கிறாங்க. அவளுக்குத் தெரியாது.

டாக்டரம்மா கை வலிச்சிப் போச்சு, மத்த நாயி பூனையும் பாக்கணும். எங்களுக்குக் காட்டிக் குடுத்துது, எவ்ளோ அமுக்கணும், எவ்ளோ நேரம் உட்டு அமுக்கணும்னு. மச்சினன் பதட்டத்துல அவசர அவசரமா அமுக்குறான். அந்தப் பொண்ணு வந்து மெதுவா, மெதுவான்னுது. அப்போ நான் சொன்னேன், "டேய், தொடுப்பு போடு." அந்தக் காலத்துக் கட்டுமரத்துல தொடுப்பு போடுவோமே, போட்டு, இழுத்து, எடுத்து, திரும்பப் போடுற நேரம். அந்த நேரத்துக்கு அமுக்குன்னேன். வாய்க்குள்ளியே ஏலேலோ போட்டுகினு அமுக்குனான். டாக்டரம்மா கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, "அப்டியே போங்கோ," ன்னுட்டு அடுத்த பூனையப் பாக்கப் போச்சு.

அப்புறம் நான். அப்புறம் ஆட்டோக்காரன். அங்க ஒரு பாய், மயிலாப்பூர்ல தையல் கடை வெச்சிருக்கறவரு, புறாவுக்கு றெக்கை ஒடிஞ்சி கட்டு போட வந்திருந்தாரு. கட்டு போட்டு முடிஞ்சும் போவல. "நைனா, நீங்க எழுந்து உக்காருங்க, நான் கொஞ்சம் புடிக்கிறேன்," ன்னாரு. நான் நாயப் பாக்குறேன். மச்சினன், "உன்னத்தான் மாமா சொல்றாரு, நாய இல்ல," ன்னான். நாயி தவுர மத்த எல்லாரும் சிரிச்சோம். அந்தப் பாய் அமுக்குன பதம், துணி மேல இஸ்திரி போட்ட மாதிரி, அவ்ளோ ஒழுங்கு.

நான் கடல்ல எவ்ளோவோ பாத்துகிறேன். அமாவாசை இருட்டுல தண்ணி நீலமா மினுக்குறதப் பாத்துகிறேன். கட்டுமரத்துக்குப் பக்கத்துலியே தெப்பம் மாதிரி திமிங்கிலம் முதுகக் காட்டிட்டுப் போனதப் பாத்துகிறேன். காத்துன்னா எனக்கு வடக்காலேர்ந்து வருதா தெக்காலேர்ந்து வருதா, அவ்ளோதான் கணக்கு. அத்த ஒரு பையில புடிச்சி, என் கையால, இன்னொரு உசுருக்குள்ள அனுப்புவேன்னு நான் நெனைச்சதே இல்ல. என் கை அமுக்குறத நிறுத்துனா அது நின்னுடும். இத்தனை வருசம் மீனப் புடிச்சி புடிச்சி மூச்ச நிறுத்துன கை இது.

பொழுது சாயுற நேரம். மச்சினன் முறை. டாக்டரம்மா வந்து குனிஞ்சி பாத்துது. "ஒரு நிமிஷம், கையெடுங்கோ," ன்னுது. அவன் பயந்துகினு எடுக்க மாட்டேங்குறான். "எடுங்கோ, நான் இருக்கேன்."

எடுத்தான். நெஞ்சு எறங்கிச்சு. எறங்குனது அப்டியே நிக்குது. பாய் புறாக் கூண்ட நெஞ்சோட அணைச்சிகினு நிக்கிறாரு. நாயி நெஞ்சு ஒரு நடுங்கு நடுங்கிச்சு. அப்புறம் தானா மேல ஏறிச்சு. எறங்கிச்சு. திரும்ப ஏறிச்சு. யாரும் அமுக்கல.

மச்சினன் கை மட்டும் காத்துல இன்னும் தொடுப்பு போட்டுகினே கீது, அவனுக்கே தெரியாம.

டாக்டரம்மா நாயி கண்ணுகிட்ட வெரல வெச்சிது. கண்ணு மூடித் தொறந்துது. அந்தப் பொண்ணு திரும்பி செவுத்தப் பாத்துகிச்சு. அழுதுச்சோ இன்னாவோ, நான் கேக்கல. என் பொஞ்சாதி நெஞ்சுலேர்ந்து கைய எடுக்காம, "யோவ், பலமா அடிக்குதுயா," ன்னா. மந்தைவெளி பூரா கேட்டிருக்கும்.

ராத்திரி அங்கியே வெச்சிருந்து, மக்யா நாளு அனுப்புனாங்க. காலு தள்ளாடிகினு, குடிச்சவன் மாதிரி நடந்துது. மகத்தன்னிக்கு கரை பூரா ஜனம், சாமிங்க ஒவ்வொன்னா எறங்குது. அவ கூட்டத்துல மீன் விக்கல, நாய மடியில வெச்சிகினு மணல்ல உக்காந்திருந்தா. அப்புறம் ஒரு வாரம் கழிச்சி மார்க்கெட்டுக்கு வந்துது. படுத்துகினேதான் இருந்தது. ஒருத்தரு வந்து கொடுவா எப்டின்னு கேட்டாரு. நாய் படுத்த எடத்துலேர்ந்தே கழுத்த நீட்டி அவ முட்டிய இடிச்சிது. அவ நிமிந்தா. நான் அந்தாண்ட நின்னு பாத்துகினு இருந்தேன்.

இப்போ எங்க கரையில பேத்தைய மண்ணுல எறியறது இல்ல. ஒரு டிரம்மு வெச்சிகிறோம், அதுல போட்டு பொதைச்சிடறோம். ஆனா எங்க கரை மட்டும்தானா கடல். காசிமேடு, பட்டினப்பாக்கம், கோவளம், எங்கயாச்சும் உங்களுக்கு ஆளு இருந்தா, நாய் வெச்சிருந்தாலும் இல்லன்னாலும், இத்த சொல்லிடுங்க. பேத்தை தின்ன நாயி கண்ணு மூடாது, ஆனா அது செத்துட்டதா அர்த்தம் இல்ல. வாயில ஒன்னும் ஊத்த வாணாம். நெஞ்சுல கைய வெச்சிப் பாருங்க, உடனே தெரியாது, கொஞ்ச நேரம் வெச்சிருங்க. தூக்கிகினு மூச்சு குடுக்கத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட ஓடுங்க. போற வழியில அதுகிட்ட எதாச்சும் பேசிகினே போவச் சொல்லுங்க. அது கேட்டுகினு இருக்கும்.