ஏழு வாள் வீரனும் சைக்கிள் கேரியரும்

போன ஞாயிற்றுக்கிழமை படப்பையில் முடி வெட்டிக்கொள்ளப் போனது தப்பாகப் போய்விட்டது. எனக்கு முன்னால் நாலைந்து பேர். பெஞ்சில் கிடந்த வாரப் பத்திரிகையை எடுத்துப் பிரித்தால், நடுப்பக்கத்தில் அந்த மூஞ்சி. பத்து வருஷம் கழித்தும் ஒரு சுருக்கம் விழாத மூஞ்சி. 'வாசகர்களின் பேராதரவை முன்னிட்டு, முதல் வாரத்திலிருந்து மீண்டும்!' என்று தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஏழு வாள் வீரன் வச்சிரன். முகத்தில் முக்கால் பாகம் கண். மிச்சமிருக்கிற இடத்தில் மூக்கும் வாயும் ஒண்டுக்குடித்தனம். தலைமுடி மட்டும் எண்ணெய் கண்டிராத ஈச்சம்புதர்போல எந்தக் காற்றிலும் மேல்நோக்கியே நிற்கும்.

"படிச்சிக்கீறீங்களா சார்? சூப்பரா இருக்கும்," என்றார் கடைக்காரர், கத்தரியை நிறுத்தாமல்.

"பாதியில விட்டுட்டேங்க."

இலையில் உட்கார்ந்தவன் பாயசத்துக்கு முன்னால் எழுந்து கை கழுவப் போனால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்த்தார். "ஐயையே! பாதிக்கு அப்பால தான் சார் சூடு புடிக்கும்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. பத்தாவது வாரம் படிக்கும்போது இருபதில் சூடு பிடிக்கும் என்றார்கள். இருபதில், மூணாவது வாள் கிடைக்கட்டும் என்றார்கள். சோறு வேகும் வேகும் என்று சொல்லி ஒருவனை அடுப்படியிலேயே வருஷக்கணக்காக உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம்?

உங்களுக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்தில் இந்தச் சித்திரத் தொடரைப் படிக்காதவன் மனுஷன் இல்லை. துடைப்பக்குச்சி வைத்திருந்த பையன்களெல்லாம் வச்சிரன்தான். மணல் லாரிகளின் பின்பக்கம் அவன் முழித்துக்கொண்டிருந்தான். மண்ணூரில் ஒரு குழந்தைக்கு வச்சிரவேலு என்று பேர் வைத்துவிட்டு, கேட்டவர்களிடம் முருகன் பேர் என்றார்கள். முருகன் பேரா அது? எனக்குத் தெரியாதா?

பத்திரிகையை மூடப் போனபோது அந்த வாசனை வந்தது. மட்டக் காகிதத்தில் ஈரம் காயாத மையின் வாசனை. எனக்கு அந்த மை வாசனை தனியாக வராது. கிரீஸ் வாசனையையும் கூட்டிக்கொண்டுதான் வரும். கிரீஸ் என்றால் சைக்கிள். சைக்கிள் என்றால் ஏகாம்பரம்.

ஏகாம்பரமும் நானும் பிள்ளைப்பாக்கம். ஐந்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. அதற்குமேல் அவன் ஏர் பிடிக்கப் போனான், நான் எங்கள் வம்சத்திலேயே முதல் ஆளாக எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போனேன். அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஆணியும் போல்ட்டும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி வந்தது. அவன் முதலில் சேர்ந்து பிரஸ் மெஷினில் நின்றான். பிறகு என்னை ஸ்டோரில் சொல்லிச் சேர்த்துவிட்டான். நான் டெம்பரவரி. அவனிடம் சைக்கிள் இருந்தது, என்னிடம் இல்லை. தினமும் அவன் மிதிப்பான், நான் கேரியரில் குந்திக்கொண்டு போவேன். இதற்கு அவன் கேட்ட கூலி ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை பெட்டிக்கடையில் பத்திரிகை வாங்கி என் கையில் கொடுப்பான். கம்பெனி போய்ச் சேருகிற வரைக்கும் நான் பின்னாலிருந்து ஏழு வாள் வீரனைச் சத்தமாகப் படிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அப்போது பல சைக்கிள்கள் அப்படித்தான் போயின. முன்னால் மிதிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருக்கிறவன் படிப்பான். ஏரிக்கரையில் இரண்டு சைக்கிள் சேர்ந்து போனால் இரண்டு வச்சிரன்கள் ஒரே சமயத்தில் கத்துவார்கள். படம் பார்க்க வேண்டுமென்று மிதிக்கிறவன் திரும்பினால் சைக்கிள் வாய்க்காலைப் பார்த்துப் போகும். என் முழங்காலில் அந்த வடு இன்னும் இருக்கிறது. வச்சிரனால் எனக்குக் கிடைத்த ஒரே வீரத்தழும்பு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அச்சு என்றால் விளையாட்டு இல்லை. உர மூட்டையில் எழுதியிருப்பது, தாலுகா ஆபீசிலிருந்து வருவது, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அச்சில் வந்தால் என் அப்பாவுக்கு அது நடந்த விஷயம். ஒருநாள் நான் வீட்டில் வைத்த பத்திரிகையைப் புரட்டி, அந்தக் கண்ணைப் பார்த்துக் கலங்கிப்போய்க் கேட்டார்:

"இந்தப் புள்ள எந்த ஊருடா? கண்ணுக்கு இன்னா ஆச்சி?"

"கதை, நைனா. பொய்."

"பொய்யையா இவ்ளோ செலவு பண்ணி அச்சுப் போடுறான்?"

பொய்யாக இருந்துவிட்டுப் போகட்டும். நல்ல பொய்யாக இருக்கக் கூடாதா? லைப்ரரியில் நான் எடுத்துப் படித்த நாவல்களும் பொய்தான். அவற்றில் ஒருவன் செத்தால் செத்தான். இங்கே வச்சிரன் செத்தால் அடுத்த வாரம் அது கனவு. அதற்கடுத்த வாரம் அந்தக் கனவைக் கண்டது வில்லன். மூன்று பக்கம் வருகிற தொடரில் ஒரு பக்கம் 'முன்கதைச் சுருக்கம்'. மிச்சப் பக்கங்களில் வச்சிரன் வாளை ஓங்கிக்கொண்டு, அது என்ன வெட்டு என்று அறிவிப்பான். "இதோ பார், கருநாக வெட்டு!" வில்லனும் ஓடிப்போகாமல் நின்று, கருநாக வெட்டைத் தன் குருநாதர் எப்படித் தடுத்தார் என்று கதை சொல்வான். பொங்கலுக்கு முந்தின வாரம் ஓங்கிய வாள், மாசி மகம் முடிந்தும் இறங்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு காணி உழுது விதைத்திருக்கலாம்.

இதைச் சொன்னால் ஏகாம்பரத்துக்குப் பொறுக்காது.

"கருநாக வெட்டுன்னா சும்மாவா வாத்தியாரே? ஓங்கனதும் எறங்கிடுமா?"

"கத்திட்டு வெட்டுனா எவன்டா நிப்பான்?"

"அதான் வீரம். சொல்லிட்டு அடிக்கிறான் பாரு. உன்ன மாரி ஸ்டோர்ல குந்திகினு ரிஜிஸ்டர்ல அடிக்கிறானா?"

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இந்த வழக்கு நாங்கள் சாப்பிடுகிற ஷெட்டுக்குப் போகும். பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் டேனியல் அண்ணன் மண்ணூர்க்காரர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். பொய் சொல்லாதவர் என்று பேர். அவராவது என் பக்கம் நிற்பார் என்று நம்பினேன். சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தம்பி, நாப்பதாவது வாரத்துல இருந்து பாரு. அங்கதான் கதையே கீது." நாற்பதாவது வாரம் போய் வெகுநாள் ஆகியிருந்தது. அவருக்கும் அது தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஏரிக்கரை முடிகிற இடத்தில் அது நடந்தது. அந்த வாரம் வச்சிரன் கையிலிருந்த மூன்று வாளும் தொலைந்துபோயின. மூன்றும்! திருடு போகவில்லை, உடையவில்லை. அவன் தூங்கி எழுந்து பார்த்தால் காணோம். மறுபடி முதல் வாளிலிருந்து தேட வேண்டும். 'வீரனின் பயணம் மீண்டும் தொடங்குகிறது' என்று கீழே போட்டிருந்தது. நான் பத்திரிகையை மடித்தேன்.

"இன்னா, அதுக்குள்ள முடிஞ்சிட்சா?"

"இல்ல. நான் முடிச்சிட்டேன். இனிமே என்னால படிக்க முடியாது."

சைக்கிள் நின்றது. ஏகாம்பரம் ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பினான். முதலில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"வெளயாடாத. மேல படி."

"மட்டமான கதடா ஏகா. எழுதுறவனுக்கே எங்க போறோம்னு தெரியல. உன்ன, என்ன, எல்லாரையும் ஏமாத்திகினு கீறான். நீ அது தெரியாம வாயப் பொளந்துகினு கேக்கற."

கடைசி வாக்கியத்தைத்தான் அவன் கேட்டான் போலிருக்கிறது.

"ஓகோ. நீ பெரிய படிப்பு. நாங்க வாயப் பொளந்தவங்க. சர்தான், எறங்கு."

"இன்னாது?"

"எறங்கி நட. உன் அறிவ நீயே தூக்கினு வா."

இறங்கினேன். பத்திரிகையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனான். மிச்ச தூரத்தை நடந்து, ஓடி, போய்ச் சேர்ந்தபோது சங்கு ஊதி கேட்டைச் சாத்திவிட்டார்கள். டைம் ஆபீசில் எழுதிக்கொண்டு, டெம்பரவரி ஆளுக்கு இதெல்லாம் ஆகாது, தொடர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார்கள். ஒரு முட்டைக்கண்ணனுக்காக வேலை போகப் போகிறது என்று வீட்டில் எப்படிச் சொல்வது? அப்பா மறுபடியும் அவன் எந்த ஊர் என்றுதான் கேட்பார்.

மறுநாளிலிருந்து விடியும்போதே கிளம்பி நடந்தேன். பாதி வழியில் பின்னால் மணிச் சத்தம் கேட்கும். ஏகாம்பரம் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போவான். கேரியரில் இப்போது முருகேசன், பேக்கிங்கில் வேலை செய்கிறவன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். "வ... ச்... சி... ரா..." என்று ஆரம்பித்தால் ஒரு வசனம் முடிவதற்குள் மதகு வந்துவிடும். நகராத கதைக்கு நகராத வாசகன், பொருத்தமான ஜோடிதான். வெள்ளிக்கிழமைகளில் வேண்டுமென்றே என் பக்கத்தில் வந்ததும் மெதுவாக மிதிப்பான் ஏகாம்பரம். "சத்தமாப் படிடா முருகேசா, ரோட்ல போற அறிவாளிங்களுக்கும் கேக்கட்டும்!" நான் காதில் விழாத மாதிரி நடப்பேன். ஆனால் முருகேசன் ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு திணறும்போது, அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க என் நாக்கு துடிக்கும். அந்த எரிச்சலைப்போல ஒரு எரிச்சல் உலகத்தில் கிடையாது.

ஸ்டோரில் கையுறை வாங்க வந்தாலும் என்னிடம் பேச மாட்டான். பக்கத்தில் நிற்கிறவனிடம், "ஸ்டோர்காரர்கிட்ட ஒரு ஜோடி கேளு," என்பான். நானும் அந்த ஆளிடமே, "பழசக் குடுத்துட்டு வாங்கிக்கச் சொல்லு," என்பேன். ஐந்தாவது வரைக்கும் ஒரே பலப்பத்தை உடைத்து எழுதியவர்கள் நாங்கள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஒருநாள் கரைப் பாதை முழுவதும் சேறு. காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து நடந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. ஏகாம்பரமும் முருகேசனும் என்னைத் தாண்டிப் போய் வெகுநேரமாகிவிட்டது. இன்றைக்கு கேட் சாத்தினால் அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டதால் ஓடுவதையும் நிறுத்திவிட்டேன். எதிரே மழைக்குள் ஒரு சைக்கிள் வந்தது. ஏகாம்பரம். கேரியர் காலி. முருகேசனைக் கேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான்.

"குந்து."

"உனக்கும் லேட்டாயிடும்டா."

"பேஜார் பண்ணாத. குந்துன்னா குந்து."

அன்று அவன் மிதித்ததை வச்சிரன் பார்த்திருக்க வேண்டும். எந்த வெட்டுக்கும் பேர் சொல்லாமல், வாயைத் திறக்காமல், இடுப்பைத் தூக்கி நின்றே மிதித்தான். முதுகிலிருந்து மழைத்தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. மதகு தாண்டும்போது மூச்சுக்கு நடுவில் சொன்னான்: "நீ ஒண்ணியும் படிக்க வேணாம். நானும் கேக்கல."

"சரி."

கொஞ்ச தூரம் போனோம். அவனால் அடக்க முடியவில்லை.

"ஆனா ஒண்ணு. தொலஞ்ச வாளு மூணும் கெடச்சிட்ச்சி."

"ஏகா!"

"சும்மா சொன்னேன்பா. எங்க கெடச்சிதுன்னு கேக்கறியா?"

"கேக்கல!"

சொன்னான். கேட் எங்கள் பின்சக்கர மட்கார்டை உரசிக்கொண்டு மூடுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

அதற்குப் பிறகு எங்கள் ஏற்பாடு தலைகீழானது. கேரியர் மறுபடி எனக்கு வந்தது. முருகேசன் சாப்பாட்டு நேரத்தில் ஏகாம்பரத்துக்குப் படிப்பான். அவன் சைக்கிளில் எனக்குச் சொல்லுவான். நான் பத்திரிகையை விட்டேனே தவிர, கதை என்னை விடவில்லை. அவன் சொல்லும்போது கதையில் வருகிற நாகர் குகை, பிள்ளைப்பாக்கம் ஏரித் தண்ணீர் வழிந்தோடுகிற கலங்கலுக்குக் கீழே இருந்தது. ராட்சதன் எங்கள் டைம் ஆபீஸ்காரர் சாயலில் தொப்பையோடு வந்தான். இதனாலெல்லாம் அது நல்ல கதையாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அவன் வாயிலும் செத்தவன் எழுந்தான். அவன் வாயிலும் வாள் இறங்கப் பல வாரம் ஆனது. மட்டமான கதை, யார் சொன்னாலும் மட்டமான கதைதான். நான் கேரியரிலிருந்து வாரம் தவறாமல் திட்டினேன். "அப்பறம் ஏன்டா அந்தப் பக்கம் போறான், அறிவில்ல அவனுக்கு?" என்று கேட்பேன். "அதக் கேளு!" என்று இன்னும் உற்சாகமாக மிதிப்பான்.

கம்பெனியை ஒரு ஸ்டிரைக்குக்குப் பிறகு மூடியவர்கள் திறக்கவே இல்லை. டேனியல் அண்ணன் ஆவடிப் பக்கம் போய்விட்டார். நான் படப்பையில் ஒரு கடையில் கணக்கு எழுத வந்தேன். ஏகாம்பரம் ஓர் ஏஜென்ட்டைப் பிடித்து மஸ்கட்டுக்குக் கிளம்பினான். அப்போது வச்சிரனிடம் ஆறு வாள் இருந்தன. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாகக் குனிந்தான்.

"ஏழாவது கெடச்சா எழுதிப் போடு."

"நான்தான் படிக்கிறதில்லையே."

"முருகேசன் படிப்பான். கேட்டு எழுது."

"அவன் எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள நீ திரும்பி வந்துடுவ."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான்.

திரும்பி வரவில்லை. கொஞ்ச காலம் யார் மூலமாவது செய்தி வந்தது. வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான் என்றார்கள், அப்புறம் வேறு ஊருக்கு என்றார்கள். அவன் வீட்டாரும் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். போன விலாசம் யாருக்கும் தெரியவில்லை. தொடர் முடிந்த வாரம் முருகேசன் மூச்சிரைக்க என்னைத் தேடிக்கொண்டு படப்பைக்கே வந்தான். சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏழாவது வாள் கிடைத்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது. எழுதிப் போட விலாசம் இல்லாத செய்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இப்போது அந்த ஏரிக்கரைப் பாதையில் கருங்கல் ஜல்லி கொட்டி லாரிகள் போகின்றன. கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் மொபெட்டில் பறக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் யார் யாருக்குப் படித்துக் காட்ட முடியும்? இவர்களும் முதல் வாரத்திலிருந்து அந்த மூஞ்சியைப் பார்க்கப் போகிறார்கள். பார்க்கட்டும். தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாக ஏமாறட்டும்.

"அடுத்தது நீங்க தான் சார், வாங்க," என்றார் கடைக்காரர்.

பத்திரிகையை வச்சிரன் முகம் தெரியாதபடி கவிழ்த்து வைத்தேன். பின்னட்டையில் சைக்கிள் விளம்பரம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் சிரித்த முகமாக மிதித்துக்கொண்டு போகிறான். அவனுக்குப் பின்னால் புத்தம்புதுக் கேரியர், பளபளவென்று, காலியாக.