மறந்துபோன மூன்றாம் ஓலை

போன வாரம் பெய்த மழையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகை ஒழுகியது. உள்ளே கிடந்த பழைய சாமான்களை எல்லாம் மகன் எடுத்து முற்றத்தில் போட்டான். அவற்றுக்கு நடுவில் என் பழைய சைக்கிளின் சீட்டு கிடந்தது. சைக்கிள் எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. சீட்டு மட்டும் எப்படித் தப்பியதென்று தெரியவில்லை. குனிந்து எடுத்தேன். நனைந்த தோலின் வாடை முகத்தில் அடித்தது. செருப்புக் கடையும் ஈர நாயும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. உங்களுக்குப் பிடிக்காது. எனக்கு அந்த வாடை வந்தால் இருபத்தைந்து வயசு வந்துவிடும்.

அந்த வயதில் நான் உபதேசியார். பயந்துவிடாதீர்கள், உங்களுக்கு உபதேசம் எதுவும் செய்யப் போவதில்லை. வேலையின் பெயரே அதுதான். ஒரு போதகருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு சிறு சபைகள் இருக்கும். அதைச் சேகரம் என்பார்கள். அவர் ஒருவரால் எல்லா இடத்துக்கும் போக முடியாது. அதனால் என்னைப் போன்றவர்கள் ஆளுக்கு நாலைந்து சபைகளைச் சுற்றி வருவோம். வேதசாலையில் எங்கள் ஆசிரியர், அந்தக் காலத்து மெதடிஸ்ட் பிரசங்கிகள் குதிரையேறிக் காடும் மலையும் சுற்றிய கதைகளைச் சொல்லுவார். சேணப்பையில் வேதபுத்தகம், ஊருக்கு ஓர் இரவு, மழையில் மரத்தடியில் பிரசங்கம். கேட்டுக் கேட்டு எனக்குக் குதிரைமேல் ஆசையே வந்துவிட்டது. கடைசியில் கிடைத்தது, எனக்கு முந்தின உபதேசியார் விட்டுப்போன சைக்கிள். அதற்கு முன்பக்க மட்கார்டு கிடையாது.

ஓட்டக் கற்றுக்கொண்டதே இருபத்துநாலு வயதில்தான். முதல் வாரமே வாய்க்காலில் விழுந்தேன். பிரசங்கக் குறிப்பு நனைந்து மை கரைந்துவிட்டது. அன்று வாயில் வந்ததைப் பேச வேண்டியதாயிற்று. நான் செய்த நல்ல பிரசங்கங்களில் அது ஒன்று என்று இன்றும் நினைக்கிறேன். புதுக்கடைச் சந்திப்பில் சைக்கிள் பழுது பார்க்கும் ஒருவர் இருந்தார். செயின் அறுந்து நான் தள்ளிக்கொண்டு வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிடுவார். "ஒபதேசியாரே, ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ணுதீரு. இந்தச் சைக்கிளுக்கும் ஒண்ணு பண்ணப்பிடாதா?" என்பார். பண்ணிப் பார்த்தேன். பலனில்லை.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் இருந்தோம். ஆபீஸ் கடிதங்கள் மலையாளத்தில் வரும், சபையில் பாட்டும் ஜெபமும் தமிழில். ரோடு எந்தப் பாஷையிலும் சேராமல் குண்டும் குழியுமாகக் கிடந்தது. முட்டத்துப் பக்கம் போனால் எதிர்காற்றில் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். மண்டைக்காட்டுக் கொடை நாட்களில், மேற்கேயிருந்து நடந்து வரும் பெண்கள் கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்வேன். இறங்கித் தள்ள வேண்டியதுதான். தோளில் வேதபுத்தகப் பையோடு, அம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் நடுவில் இரண்டு மைல் நடந்திருக்கிறேன். நான் களைத்துப் போனதைப் பார்த்து ஓர் அம்மாள் முடிச்சை அவிழ்த்துக் கருப்பட்டித் துண்டு ஒன்று கொடுத்தாள். வாங்கித் தின்றேன். போதகரிடம் சொல்லவில்லை.

எங்கெங்கோ போகிறேன். ஓலைக்கு வருகிறேன். எங்கள் சபைகளில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், தொடர்ந்து மூன்று ஞாயிறு அதை ஆராதனையில் வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று. காகிதத்தில் எழுதினாலும் அதற்குப் பெயர் ஓலைதான். மூன்று ஓலையும் வாசித்து முடியாமல் எங்கள் போதகர் கல்யாணம் நடத்த மாட்டார். ஒரு ஞாயிறு விட்டால் முதலிலிருந்து மறுபடியும் மூன்று என்பது அவருடைய சட்டம். நல்ல மனிதர், ஆனால் சட்டமென்று வந்துவிட்டால் அசைய மாட்டார்.

என் பொறுப்பில் இருந்த ஆற்றங்கரைச் சபையில் மாசிலாமணி என்று ஒருவர். மரச்சீனிக் கிழங்கு விவசாயம். அவருடைய மகள் ஞானம்மாளின் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. முதல் தடவை மாப்பிள்ளையின் அப்பா இறந்துபோனார். அடுத்த தடவை மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தார். மூன்றாவதாக ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்கள். சனிக்கிழமை அவர் மலையேறியாக வேண்டும். இதுவும் தவறினால் அடுத்த வருஷம்தான். அந்தப் பிள்ளைக்கு என்னமோ ராசியில்லை என்று ஊரில் இரண்டு பேர் பேசவும் ஆரம்பித்திருந்தார்கள். மாப்பிள்ளை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர். அங்கே வேறோர் உபதேசியார் ஒழுங்காக வாசித்து வந்தார். இங்கே வாசிக்க வேண்டியவன் நான். முதல் ஓலை வாசித்தேன், இரண்டாம் ஓலையும் வாசித்தேன்.

மூன்றாம் ஞாயிறு, ஆனி மாசம். காலையில் ஆற்றங்கரையில் ஆராதனை. அன்றைய பிரசங்கம் விழிப்பாயிருப்பதைப் பற்றி. ஏன் சிரிக்கிறீர்கள், இன்னும் சொல்லவேயில்லை. பிரசங்கம் பிரமாதமாக அமைந்தது. முன்னால் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்ததும் உற்சாகம் கூடிக் கால்மணி நேரம் அதிகமாகப் பேசினேன். அதே வேகத்தில் ஆசீர்வாதம் கூறி எல்லோரையும் அனுப்பிவிட்டு, சபை மூப்பர் வீட்டுக்குக் கஞ்சி குடிக்கப் போனேன். கஞ்சி ஊற்றும்போது மூப்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரசங்கம் மனிதரை உலுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சைக்கிளை வள்ளத்தில் ஏற்றி ஆற்றைக் கடந்து, எட்டு மைல் மிதித்து மேட்டுச் சபைக்குப் போனேன். வழியெல்லாம் என் பிரசங்கத்தை நானே ரசித்துக்கொண்டு போனதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மேட்டுச் சபையில் மத்தியானம் இரண்டரை மணிக்கு ஆராதனை. எழுந்து நின்று வேதபுத்தகத்தைத் திறந்தேன். நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பிரித்தால் என் கையெழுத்தில் மாசிலாமணி மகள் ஞானம்மாள். மூன்றாம் ஓலை. காலையில் நான் அதை வாசிக்கவேயில்லை. என் முகத்தைப் பார்த்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். அன்று அங்கே நான் செய்த பிரசங்கம் நாலே வாக்கியம். மேட்டுச் சபைக்காரர்கள் அதற்குப் பிறகு பல காலம், "அந்த மாதிரி ஒரு பிரசங்கம் இன்னொருக்க சொல்லும் ஒபதேசியாரே" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு இன்னும் முடியவில்லை என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்து, சபையைக் கூட்டி, பாடி, ஜெபித்து வாசித்துவிட்டால் மூன்றாம் ஓலை ஆகிவிடும். போதகரும் ஒன்றும் சொல்ல முடியாது. எட்டு மைலும் மழை. மட்கார்டு இல்லாத சக்கரம் ரோட்டுச் சேற்றை எல்லாம் என் முகத்துக்கே வாரி அனுப்பியது. ஆற்றங்கரைக்கு வந்தபோது கடத்துக்காரர் வள்ளத்தைத் தென்னையில் கட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் வெள்ளை நாமம், தலையில் தோர்த்துத் துண்டுக் கட்டு. அவர் அய்யாவழிக்காரர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் கும்பிடும் இடமான நிழல் தாங்கலில் பணிவிடைக்குப் போய்விடுவார்.

"இனி வள்ளம் எறக்க மாட்டேன். மலையில நல்ல மழை. ஆத்தப் பாத்தீரா?"

"ஒரே ஒரு நடை."

"காலையில அங்க மணிக்கணக்காப் பேசிட்டுத்தானே வந்தீரு. அது பத்தாதா?"

"ஒரு கல்யாண ஓலை வாசிக்க ஓர்மை விட்டுப் போச்சு. இன்னைக்கு வாசிக்கல்லேன்னா வியாழக்கிழமைக் கல்யாணம் நின்னு போகும்."

அவர் கட்டின கயிற்றை அவிழ்த்தார். "இத முதல்லயே சொல்லப்பிடாதா? சைக்கிள் இங்கன கெடக்கட்டு. நீரு நடுவுல இரியும். ஆடப்பிடாது."

ஆடாமல் இருந்தேன். வள்ளம்தான் ஆடியது. தண்ணீர் செக்கச்செவேலென்று வாழைமரங்களை இழுத்துக்கொண்டு போனது. அவர் அய்யாவைக் கூப்பிட்டார், நான் ஆண்டவரைக் கூப்பிட்டேன். யார் கேட்டார்களோ, பத்து நிமிஷத்தில் வள்ளம் எதிர்க்கரையில் முட்டியது.

அங்கே மாசிலாமணியும் அவருடைய தம்பியும் ஒரே குடைக்குள் நின்றார்கள். இருவரும் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்கள். மாசிலாமணியின் கண்கள் சிவந்திருந்தன.

"நீரே வந்துட்டீரா. நான் மாப்பிள வீட்டுல போயிக் கேக்கத்தான் வள்ளத்துக்கு நிக்கேன். சொல்லும் ஒபதேசியாரே. என்ன தடை? ஆரு சொன்னா?"

"தடையா? எந்தத் தடை?"

"காலையில ஓலை வாசிக்கல்லியே. எம்பிள்ளையப் பத்தி ஆரோ என்னமோ எழுதித் தந்துருக்கான். அதனாலதானே ஒண்ணும் சொல்லாம எறங்கிப் போனீரு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஓர் உபதேசியார் மறந்துபோவார் என்று அந்த ஊரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. வாசிக்காமல் விட்டால் அதற்குக் காரணம் இருக்கும், அதுவும் வாய்விட்டுச் சொல்ல முடியாத காரணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். மூப்பர் என்னிடம் கேட்கப் பயந்துதான் பேசாமல் கஞ்சி ஊற்றியிருக்கிறார். நான் பிரசங்கத்தை ரசித்துக்கொண்டு சைக்கிள் மிதித்த நேரமெல்லாம் மாசிலாமணி வீட்டில் அடுப்பு பற்றவில்லை. அந்த ஆற்றிலேயே இறங்கிவிடலாமா என்றிருந்தது.

"தடை ஒண்ணும் இல்ல. எனக்கு ஓர்மை விட்டுப் போச்சு. பிரசங்கம் பண்ணின மும்முரத்துல மறந்துட்டேன்" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மாசிலாமணி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவரோ, "மறதிதானா, கர்த்தாவே, வெறும் மறதிதானா" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். என்னுடைய ஒரு பிழையைக் கேட்டு ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். கடத்துக்காரர் துடுப்பைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த தப்பையும் நான்தான் செய்தேன். சபைக் கோயிலுக்கு ஓடி, பூவரச மரத்தில் தொங்கிய மணியைப் பிடித்து இழுத்தேன். நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் எங்கள் ஊர்களில் அது சாவு மணி. அதுவும் அன்றைக்கு. ஊரே கோயிலை விட்டுவிட்டு மாசிலாமணி வீட்டைப் பார்த்து ஓடியது. சில பெண்கள் வழியிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்களாம். ஞானம்மாள் அப்போதுதான் தம்பி தங்கைகளின் பசி பொறுக்காமல் அடுப்பு மூட்டி, கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் அரிவாளோடு வெளியே வந்து, "செத்தது ஆரு?" என்று கேட்டிருக்கிறாள். "நான் சாகல்ல. மணி கோயில்ல அடிக்குது. எல்லாரும் அங்கோட்டுப் போங்க" என்றாளாம்.

காலையில் வந்ததைவிட அதிகக் கூட்டம். எல்லோரும் நனைந்திருந்தார்கள். ஒரு பாட்டுப் பாடினோம். என் மறதியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஓலையை வாசித்தேன். தடை உண்டானால் சொல்லலாம் என்று சொல்லி நிறுத்தினேன். அப்போது பின்னால் மூப்பர் எழுந்து நின்றார். மாசிலாமணி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்கு ஒரு தடையும் இல்ல" என்றார் மூப்பர். "ஒபதேசியாருக்கு வேற என்னதாவது ஓர்மை விட்டுப் போயிருந்தா, அதையும் இப்பவே வாசிச்சிரும். ஆளெல்லாம் கூடித்தான் இருக்கு."

கோயிலுக்குள் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. பெண்கள் பக்கத்தில் கடைசியில் நின்ற ஞானம்மாளும் சிரித்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. ஆசீர்வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லி ஆமென் என்றேன்.

வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. போதகர் மூன்று ஓலையும் விழுந்ததா என்று கேட்டார். விழுந்தது என்றேன். சனிக்கிழமை அவர்கள் வள்ளம் ஏறும்போது வழியனுப்பப் போயிருந்தேன். ஞானம்மாள் என்னிடம் வந்தாள். "ஒபதேசியாரே, அன்னைக்கு அந்த ஏழு மணி நேரமும் எங்க வீட்டுல ஆரும் ஆரு மொகத்தையும் பாக்கல்ல. இனி வாற பிள்ளைகளுக்கு ஓர்மையா வாசியும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறுகளில் உள்ளங்கையில் மையால் பெயரை எழுதிக்கொண்டு போவேன். ஒன்றுகூட விட்டதில்லை.

இப்போது அந்த ஆற்றுக்குப் பாலம் வந்துவிட்டது. வள்ளமும் இல்லை, கடத்தும் இல்லை. ஓடு வேய்ந்த கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். சபைக்கு ஒரு போதகர், அவருக்குக் கார். நல்லதுதான், முகத்தில் சேறு அடிக்காது. போன மாதம் மகனோடு ஆற்றங்கரைச் சபைக்கு ஆராதனைக்குப் போனேன். மற்ற அறிவிப்புகளுக்கு நடுவில் இரண்டு ஓலை வாசித்தார்கள். என் காது சரியாகக் கேட்பதில்லை, பெயர்கள் பிடிபடவில்லை. வெளியே வந்து, வாசலில் நின்ற நாலைந்து பேரிடம் இன்று யாருடைய கல்யாணம் வாசித்தார்கள் என்று கேட்டேன். ஒருவர் போனைப் பார்த்தபடியே, "கவனிக்கல்ல தாத்தா" என்றார். மற்றவர்களுக்கும் தெரியவில்லை. அவர்களுக்குப் பின்னால் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, "அதுல ஒண்ணு எனக்க கல்யாணமாக்கும் தாத்தா" என்றாள். அவளுடைய பெயரைக் கேட்டுக்கொண்டேன்.