அம்புரோஸ் வாத்தியாரும் நான்கு பன்றிப் பைகளும்

அம்புரோஸ் வாத்தியார் பயந்த பிறவி. தருவைகுளத்துக் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காதவர். போலீஸ் தொப்பியைத் தூரத்தில் கண்டாலே தெரு மாறிப் போவார். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்தியது இந்த மனிதர்தான் என்றால் நம்பத்தான் வேண்டும்.

1943. நண்பர் அனுப்பிய கல்லூரி இதழில் புதுச் செய்தி ஒன்றைப் படித்திருந்தார். நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று தள்ளும். எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நிற்கும். மூலக்கூறுக்கு வடிவம் அமைவது அதனால்தான். பிள்ளைகளுக்குக் காட்ட, ஜோடிக்கு ஒன்றாகப் பலூன் வேண்டும். யுத்த காலத்தில் ரப்பருக்கு எங்கே போவது? கல்யாண வீட்டில் அறுத்த பன்றிகளின் மூத்திரப்பைகள் நான்கை வாங்கி ஊதி, தனித்தனியே முடிச்சுப் போட்டு, கழுத்தைச் சேர்த்துக் கட்டினார். எப்படிப் போட்டாலும் மூன்று தரையில் நிற்க, ஒன்று வானத்தைப் பார்த்தது. காற்று கசியாமலிருக்க, வள்ளத்துக்குப் பூசும் தாரை மெலிதாகத் தடவிக் கரையில் காயவைத்தார்.

மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்று அதைக் கடலுக்குள் உருட்டிவிட்டது. வள்ளங்கள் கரையேறும் வழியில் ஒரு நங்கூரக் கயிற்றில் மாட்டிக்கொண்டு கறுப்பாக மிதந்தது.

"ஜப்பான்காரன் போட்ட கண்ணிவெடிலே! கொம்பு தெரியுது பாரு!" என்று யாரோ கத்த, கரை காலியாயிற்று. ஏட்டு வெள்ளத்துரை துப்பாக்கியோடு வந்து நின்றார். "ஒரு வள்ளமும் உள்ள வரக்கூடாது. வந்தா சுடுவேன்."

வெளியே நின்ற ஒற்றை வள்ளத்தில் அம்புரோஸின் அண்ணன் செபாஸ்டின் இருந்தார். பாய் கிழிந்திருந்தது. கச்சான் அவரை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டே போனது.

தன் வேலை என்று சொன்னால், ஒற்றன் என்று ஜெயில். சொல்லாவிட்டால், அண்ணன் இல்லை. வாத்தியார் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. அதனால் கடலில் இறங்கி நடந்தார்.

"வாத்தியாரே, நில்லும்! சுட்டுருவேன்!"

நெஞ்சளவுத் தண்ணீரில் அதைப் பிடித்துத் தூக்கினார். ஒரு பையை அமுக்கிக் காட்டினார். விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பியது. இன்னொன்றின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். காற்று புஸ்ஸென்று போக, மிச்சம் மூன்றும் தாமாகவே நகர்ந்து, தட்டையாக, சமமாக விலகிக்கொண்டன.

"பன்னிப் பை ஐயா! ஒன்னையொன்னு தள்ளுது, அவ்வளவுதான்! எங்க அண்ணனை விடுங்க!" என்று அழுதார்.

ஏட்டு துப்பாக்கியைத் தாழ்த்தி, வள்ளத்துக்குக் கை காட்டினார்.

கிழிந்த பாயோடு துடுப்புப் போட்டு வந்த செபாஸ்டின் கேட்டார்: "ஏலே அம்புரோஸ், தண்ணிக்குள்ள என்னலே செய்யுத?"

அப்போதுதான் வாத்தியார் குனிந்து பார்த்தார். சுற்றிலும் கடல். ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. அண்ணன்தான் இறங்கி அவரைத் தோளில் தூக்கி வந்தார்.